மூக்கு திறக்கும் விமானம்

வேப்பூர் கூட்டுரோட்டில் கொஞ்ச நேரம் நின்றால், புதுக் கார்களை ஏற்றிச் செல்லும் நீளப் பெட்டி லாரி ஒன்றாவது கண்ணில் படும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்து தெற்கே போகிற கார்கள் அவை. பின்கதவைச் சாத்திவிட்டால் உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாது. காரை வயிற்றில் வாங்கிக்கொண்டு போய் வேறோர் ஊரில் இறக்கிவிடும் இந்த வேலையை ஒரு காலத்தில் விமானமும் செய்தது. அதுவும் விற்பனைக்குப் போகும் கார் இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு விடுமுறைக்குக் கிளம்பிய குடும்பத்தின் சொந்தக் கார். கார் முன்னால் ஏறும், குடும்பம் பின்னால் உட்காரும், இருபது நிமிடத்தில் இங்கிலாந்திலிருந்து பிரான்ஸ்.

இன்று அந்த விமானங்களில் ஒன்றுகூட அந்த வேலையைச் செய்வதில்லை. ஆனால் அதன் பிளாஸ்டிக் உருவத்தைச் செய்யும் அச்சு, விமானத்தின் காலம் முடிந்த பிறகும் வேலை செய்தது. பீங்கான் பொம்மை செய்யும் விருத்தாசலத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இது ஆச்சரியமான செய்தி. பொம்மை அச்சின் ஆயுள் எவ்வளவு குறைச்சல் என்பது எங்களுக்குத் தெரியும்.

முதலில் விமானத்தைச் சொல்லிவிடுகிறேன். பிரிஸ்டல் 170 ஃபிரைட்டர் முதன்முதலாகப் பறந்தது 1945 டிசம்பர் 2. வடிவமைப்பு தொடங்கியபோது மனதில் இருந்தது பர்மாப் போர்முனை. மூன்று டன் ராணுவ லாரியை ஏற்றிக்கொண்டு கரடுமுரடான தரையில் இறங்க வேண்டும். அதனால்தான் மடங்காத சக்கரம், பெட்டி போன்ற உடல், இரண்டு பக்கமும் விரியும் மூக்குக் கதவு, அதற்கு மேலே மாடி அறை மாதிரி விமானி உட்காரும் இடம். அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போர் அதற்குள் முடிந்துவிட்டது. மொத்தம் 214 விமானங்கள் கட்டினார்கள். பாகிஸ்தான் விமானப்படை இதை நிறைய வாங்கி வைத்திருந்தது.

நம் பக்கத்துக் கதையிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. 1947 இலையுதிர் காலத்தில் பிரிவினைக் கலவரத்தின் நடுவே, சில்வர் சிட்டி ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் டெல்லி பாலம் விமான நிலையத்தைத் தளமாக வைத்துக்கொண்டு இரு நாட்டு அகதிகளையும் ஏற்றி இறக்கியது. டகோட்டா விமானங்களோடு பிரிஸ்டல் 170இன் பயணி வகையும் அந்த வேலையில் இருந்தது. ஒரே நடையில் நூறு பேருக்கு மேல் திணித்துக்கொண்டு பறந்த நாட்கள் அவை. அதே சில்வர் சிட்டிதான் அடுத்த ஆண்டு, 1948 ஜூலையில், இங்கிலாந்தின் லிம்னேயிலிருந்து பிரான்சின் லெ டூக்கே ஊருக்கு முதல் காரைப் பறக்கவிட்டது. அகதிகளைச் சுமந்த அதே வகை விமானம் ஒரு வருஷத்துக்குள் சுற்றுலாக்காரர்களின் காரைச் சுமந்தது.

காரைக் கப்பலில் அனுப்பினால் என்ன என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் பல துறைமுகங்களில் காரை வலையில் கட்டிக் கிரேனால் தூக்கித்தான் கப்பலில் வைப்பார்கள். ஓட்டிக்கொண்டே ஏறும் வசதி டோவரில் 1953இல்தான் வந்தது. அதுவரை, ஒரு சாய்வுப் பலகையில் உருட்டி ஏற்றினால் போதும் என்ற விமானத்துக்கு மவுசு இருந்ததில் வியப்பில்லை. லிம்னேயின் புல்தரை மழைக்குச் சேறாகிவிட்டதால் 1954இல் லிட் என்ற இடத்தில் இதற்கென்றே புது விமான நிலையம் கட்டினார்கள். மூக்கை ஐந்தடி நீட்டிய சூப்பர்ஃபிரைட்டர் வகை மூன்று கார்களையும் இருபது சொச்சம் ஆட்களையும் ஏற்றியது.

பிறகு கார்கள் நீளமாயின, கூட்டமும் பெருத்தது. மூன்று கார் போதவில்லை. ஃப்ரெடி லேக்கரின் ஏவியேஷன் டிரேடர்ஸ் ஒரு யோசனை செய்தது. ஜெட் விமானம் வந்ததும் டக்ளஸ் டிசி-4 என்ற பழைய பயணி விமானங்கள் மலிவாகக் கிடைத்தன. ஒன்றை வாங்கி, இறக்கைக்கு முன்னால் இருக்கும் உடலை வெட்டியெறிந்து, கதவு வைத்த புது மூக்கை ஒட்ட வைத்தார்கள். விமானி அறை ஏறத்தாழ ஏழடி மேலே போனது. அதுதான் கார்வேர். முதல் பறப்பு 1961 ஜூன் 21. ஐந்து கார், இருபத்திரண்டு பயணிகள். மூக்கு தரையிலிருந்து வெகு உயரத்தில் இருந்ததால் காரை ஏற்றத் தனியாகத் தூக்குமேடை வேண்டியிருந்தது. மொத்தம் 21 கார்வேர்கள்தான் செய்தார்கள். 1964இல் வந்த ‘கோல்ட்ஃபிங்கர்’ ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வில்லனின் ரோல்ஸ் ராய்ஸ் ஏறுமே, அது இந்த விமானம்.

கார்களைப் பத்துப் பத்தாக விழுங்கும் ஹோவர்கிராஃப்ட் 1968இல் ஆங்கிலக் கால்வாய்க்கு வந்தது. ஓட்டி ஏறும் கப்பல்களும் பெருகின. 1977இல் பிரிட்டிஷ் ஏர் ஃபெரிஸ் கார்வேரில் கார் ஏற்றுவதை நிறுத்தியது. முப்பது வருஷம்கூட இல்லை, கதை முடிந்தது. அதற்குப் பிறகு 1994இல் கடலுக்கடியில் சுரங்கமே வந்துவிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். அந்தப் பிளாஸ்டிக் உருவத்தைச் செய்த ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தை நிக்கோலஸ் கோவ் என்ற ஹங்கேரிக்காரர் 1939இல் லண்டனில் தொடங்கினார். ஒரு காலத்தில் அங்கே முக்கியச் சரக்கு சீப்பு. 1952இல் ‘கோல்டன் ஹைண்ட்’ என்ற பாய்மரக் கப்பலின் பிளாஸ்டிக் பாகங்களைப் பையில் போட்டு வூல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு விற்றது. அடுத்த சில ஆண்டுகளில் ஸ்பிட்ஃபயர் வந்தது. சூப்பர்ஃபிரைட்டர் இன்னும் வானில் கார் ஏற்றிக்கொண்டிருந்தபோதே, ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் பிறக்கும் தறுவாயில், அதன் 1/72 அளவுக் கிட்டையும் ஏர்ஃபிக்ஸ் கொண்டுவந்தது. இறக்கை நுனிக்கு நுனி ஒன்றரை அடி. சில்வர் சிட்டியின் பெயர் பொறித்த ஒட்டுப்படத்தோடு.

எழுபதுகளின் கடைசியில் அது வேப்பூர் வரை வந்தது சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பாவின் பெட்டியில். அன்று இந்த மாதிரிப் பொருள் கடையில் கிடைக்காது. விளையாட்டுச் சாமான் இறக்குமதிக்கு லைசென்ஸ் ஆட்சி. அந்தக் கடைசிப் பூட்டு திறந்தது 2001 ஏப்ரலில்தான். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா சித்தப்பாக்கள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு விமானம் என்றால் என்.சி.சி. ஏர்விங் ஒன்றே வழி. அங்கே பால்சா மரத்தைச் செதுக்கி மாதிரி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள், கயிறு பிடித்துச் சுற்றிப் பறக்கவிடும் மாதிரியும் உண்டு. பால்சா கொல்கத்தா ஹாபி சென்டர் போன்ற இடங்களிலிருந்து வர வேண்டும். பெண்ணாடம், திட்டக்குடி பையனுக்கு அது சிங்கப்பூரைவிடத் தூரம்.

கிட்டோடு வரும் பசைக் குழாய் பாதி காய்ந்திருக்கும். பிழிந்தால் நூல் நூலாக இழுக்கும், விரல்ரேகையோடு இறக்கையில் பதியும். அதற்குப் பெயிண்ட் எங்கே போவது? ஹம்ப்ரால் டப்பி கனவில்கூட வராது. நெடுஞ்சாலையில் இருந்த டிங்கரிங் பட்டறைதான் கைகொடுத்தது. அங்கே அம்பாசடர் கதவுக்குப் பட்டி பார்ப்பார்கள். அதே என்.சி. பட்டியில் ஒரு சுண்டுவிரல் அளவு வாங்கி வந்து, இரண்டு பாதி உடலும் சேரும் இடத்து இடைவெளியை அடைத்து, தண்ணீர் தொட்டு உப்புத்தாள் போட்டால் தையல் தெரியாது. வெள்ளி நிறமும் அங்கேயே கிடைத்தது, பம்பருக்கு அடிக்கும் அலுமினியப் பெயிண்ட். உண்மைக் காருக்கு அடித்த பெயிண்டையே காரைச் சுமக்கும் விமானத்துக்கும் அடித்தோம் என்பது இப்போது நினைத்தால் பொருத்தமாகத்தான் படுகிறது.

ஒரு சௌகரியம், பிரிஸ்டல் வாலில் சக்கரம் வைத்த விமானம். மூக்கு நிமிர்ந்து, வால் தாழ்ந்து தானாகவே நிற்கும். மூக்கில் சக்கரம் வைத்த விமானக் கிட் என்றால் உள்ளே ஈயக் குண்டோ ஆணியோ ஒளித்துவைக்க மறந்தால் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடும். கார்வேர் செய்கிறவர்களுக்கு அந்தத் தொல்லை உண்டு. கார்வேரைச் செய்ய ஆசைப்பட்டவர்கள் எத்தனையோ பேர் டிசி-4 கிட்டை வாங்கி மூக்கை வெட்டிப் புது மூக்கு செதுக்கி ஒட்டினார்கள். லேக்கரின் ஆட்கள் செய்ததும் அதையேதான். பொம்மை செய்கிறவனும் நிஜம் செய்தவனும் ஒரே ரம்பத்தைப் பிடித்த விமானம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

அன்று நாங்கள் செய்தது விளையாட்டுச் சாமான். மூக்குக் கதவைத் திறப்பதற்காகவே செய்தோம். 1/72 அளவில் கார் ஆறு சென்டிமீட்டர் வர வேண்டும். கையில் இருந்த தகரக் கார் பெரியது, நுழையாது. தீப்பெட்டிக்குச் சக்கரம் வரைந்து ஏற்றினோம். கதவின் கீல் ஒடிந்தால் மெழுகுவர்த்தியில் பிளாஸ்டிக் சட்டத்தைக் காய்ச்சி இழுத்துக் கம்பியாக்கிச் செருகினோம். லெ டூக்கே எங்கே இருக்கிறது என்று அட்லஸில் தேடியும் சிக்கவில்லை. எங்கள் விமானம் பெரும்பாலும் யாழ்ப்பாணம்தான் போகும். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்ததெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. கடல் தாண்டினால் சிலோன் என்பதுதான் எங்கள் பூகோளம்.

இன்றைக்கு வருவோம். இதே பழைய கிட்டை வாங்குகிற ஐம்பது வயதுக்காரர் கதவைத் திறந்து மூடுவதில்லை. திறந்த நிலையிலா, மூடிய நிலையிலா என்று முதலிலேயே முடிவெடுத்து ஒட்டிவிடுகிறார். அதற்கு முன்னால் விமானத்தின் பதிவு எண்ணைத் தேடி, அது எந்த ஆண்டில் எந்த வண்ணத்தில் பறந்தது என்று புகைப்படம் பார்த்து, வால் பட்டையின் நீலம் எந்த நீலம் என்று சண்டை போடுகிறார். நூலிழுக்கும் பசை போய், தண்ணீர் போன்ற திரவப் பசை வந்துவிட்டது. தூரிகையால் தொட்டால் இடுக்குக்குள் தானே ஓடிப் பிடித்துக்கொள்ளும். ஏர்பிரஷ், சின்ன கம்ப்ரசர், அக்ரிலிக் வண்ணம். மஞ்சளேறிய ஐம்பது வருஷ ஒட்டுப்படத்தை வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து வெளுக்கவிடும் வித்தைகூட எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உள்ளே நிறுத்த மோரிஸ் மைனரோ ஆஸ்டினோ வேண்டுமா, முப்பரிமாண அச்சில் எடுத்துத் தருகிறார்கள். தீப்பெட்டிக்கு வேலை போயிற்று.

செய்நேர்த்தியில் இன்றைக்குப் பக்கத்தில் அன்றைக்கு நிற்கவே முடியாது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் வேறோர் இடத்தில், ரிவெட்டில்.

பழைய ஏர்ஃபிக்ஸ் கிட்களில் உடல் முழுக்க ரிவெட் புள்ளிகள் புடைத்து நிற்கும். மாதிரியில் அரை மில்லிமீட்டர் புள்ளி என்றால் உண்மை விமானத்தில் அது 36 மில்லிமீட்டர், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய குமிழ். எந்த விமானத்திலும் அப்படி இல்லை. ஆகவே இன்றைய கைகாரர்கள் முதல் வேலையாக உப்புத்தாளை எடுத்து அத்தனையையும் தேய்த்து வழவழப்பாக்கி, தகட்டுக் கோடுகளை ஊசியால் புதிதாகக் கீறுகிறார்கள். முடிந்ததும் அது பிரிஸ்டலைப் போலவே இருக்கிறது. ஆனால் 1960ஐ ஒட்டி ஓர் அச்சுக்காரர் இரும்பில் ஒவ்வொன்றாக இட்ட புள்ளிகள் போய்விடுகின்றன. அந்த அச்சுக்காரருக்கு முன்னால் கணினி இல்லை. பெரிதாகச் செய்த ஒரு மூலத்தைப் பார்த்துப் பார்த்து இரும்பைக் குடைந்தார்கள். புடைப்பு ரிவெட் அந்தக் காலக் கைப்பழக்கம். விமானத்தைத் திருத்த வேண்டுமானால் புதிதாக வந்த வேறு கிட்டை எடுக்கலாமே, பழையதை ஏன் தொட வேண்டும்? கிட்டும் இப்போது ஒரு பழம்பொருள். இதில் என்னோடு ஒத்துப்போகிறவர்கள் குறைவு. நான் பட்டியை மட்டும் போட்டு ரிவெட்டை விட்டுவிடுவேன்.

இந்தப் பிடிவாதம் எனக்கு விருத்தாசலத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். பீங்கான் பொம்மை செய்யும் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சின் இரண்டு பாதியையும் ரப்பர் பட்டையால் கட்டி, கூழாகக் கரைத்த களிமண்ணை ஊற்றுகிறார்கள். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்ச, அச்சின் சுவரோரம் களிமண் ஆடை கட்டுகிறது. வேண்டிய கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்துவிடுகிறார்கள். பிறகு பிரித்தால் உள்ளே வெற்றிடமாகப் பொம்மை. அச்சு சேர்ந்த இடத்தில் ஒரு கோடு ஓடும், அதைக் கத்தியால் சீவி ஈரப் பஞ்சால் துடைப்பார்கள். கிட் செய்கிறவன் உப்புத்தாள் போடும் அதே கோடு.

ஆனால் பிளாஸ்டர் அச்சு சில டஜன் வார்ப்புக்கு மேல் தாங்காது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கரையும். முதல் வார்ப்பில் சரஸ்வதியின் மூக்குத்தி தெரியும். கடைசி வார்ப்பில் மூக்கே மழுங்கும். பிறகு மூலத்திலிருந்து புது அச்சு எடுக்க வேண்டும். பழைய அச்சு குப்பையில் கிடக்கும். உருக்கு அச்சும் தேயும், ஆனால் தலைமுறைக் கணக்கில். இரண்டு பாதியும் சரியாக வாய் மூடாமல் போகும்போது பிளாஸ்டிக் வெளியே பிதுங்கி விளிம்பில் மெல்லிய பிசிறாக நிற்கும். பழைய கிட்டின் பிந்தைய பதிப்பு கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பிசிறைத்தான். வயசு அதில் தெரியும்.

அச்சு உறுதியாக இருந்தாலும் அதை வைத்திருந்தவர்கள் நிலைக்கவில்லை. 1981இல் ஏர்ஃபிக்ஸ் திவாலானது. அமெரிக்க நிறுவனத்தின் கைக்குப் போய் அச்சுகள் பிரான்சுக்குப் பெயர்ந்தன. 1986இல் ஹம்ப்ரால் வாங்கியது. 2006இல் ஹம்ப்ராலும் விழ, பொம்மை ரயில் செய்யும் ஹார்ன்பி வாங்கியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த திருப்பம்: ஏர்ஃபிக்ஸ் கிட்களில் பலவற்றை இந்தியத் தொழிற்சாலையில் வார்க்கத் தொடங்கினார்கள். 2010களில் வந்த பெட்டிகளைத் திருப்பிப் பார்த்தால் இந்தியாவில் தயாரானது என்று அச்சிட்டிருக்கும். இங்கே வார்த்து, கப்பலேறி இங்கிலாந்து போய், அங்கிருந்து நம் ஊர்க்காரர் தபாலில் வரவழைத்தால் அதற்கு இறக்குமதி வரி. 2020 பட்ஜெட்டில் விளையாட்டுப் பொருள்களுக்கான சுங்க வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023இல் 70. அளவு குறைத்த மாதிரிகளும் அதே சுங்கத் தலைப்புக்குள்தான் வருகின்றன. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். சீனப் பொம்மை குவிவதைத் தடுத்து உள்ளூர்த் தொழிலைக் காக்கும் நோக்கத்தைக் குறைசொல்ல மாட்டேன், அதன் பலன் விருத்தாசலத்துப் பட்டறைக்கும் கிடைக்கட்டும். ஆனால் நரைத்த தலையோடு கண்ணாடி போட்டுக்கொண்டு பிரிஸ்டல் ஒட்டுகிறவர் கைக்குழந்தையின் கிலுகிலுப்பையோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. லைசென்ஸ் காலத்தில் கிடைக்கவில்லை. இப்போது கிடைக்கிறது, விலைதான் சித்தப்பாவின் விமான டிக்கெட்டை நினைவுபடுத்துகிறது.

விமானங்களின் கதி என்ன? அலாஸ்காவில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்த கார்வேர் ஒன்று 2007 மே மாதம் தரையிறங்கும்போது நொறுங்கியது. மிச்சம் இருப்பவை பறக்காமல் நிற்கின்றன. நியூசிலாந்தில் கிடந்த ஒரு பிரிஸ்டல் ஃபிரைட்டரைப் பிரித்துக் கப்பலில் ஏற்றி, அது பிறந்த ஃபில்டனுக்கே கொண்டுவந்து அருங்காட்சியகத்தில் சீர்செய்ய வைத்திருக்கிறார்கள். கார் சுமந்த விமானம் கடைசியில் தானே சரக்காகக் கப்பலேறியது.

விருத்தாசலமும் மாறித்தான் போயிருக்கிறது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு சுவரில் இருந்த வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கேரியருக்கு இந்த ஊர்ச் சூளைகள் பேர்பெற்றவை, எம்.சி.பி. சுவிட்ச் வந்ததும் அந்தத் தேவை சுருங்கிவிட்டது. பொம்மை இன்னும் நிற்கிறது, கொலுப் பருவத்தை நம்பி.

அதனால் ஒரு யோசனை. பிரிஸ்டல் ஃபிரைட்டரைப் பீங்கானில் வார்த்தால் என்ன? பட்டறையில் இதைச் சொன்னால் முதல் கேள்வி சுருக்கம் பற்றித்தான் வரும். களிமண் காய்ந்து சூளையில் வெந்து வெளியே வரும்போது நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை சுருங்கும். பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டால், ஏர்ஃபிக்ஸ் கிட்டின் மேலேயே பிளாஸ்டர் ஊற்றி அச்செடுத்தால் வருவது 1/72 இல்லை, 1/82. உள்ளே நிறுத்தும் கார் நுழையாது, நாற்பது வருஷத்துக்கு முந்தைய அதே பிரச்சினை. ஆகவே கிட்டிலிருந்து அச்செடுக்கக் கூடாது. கணினியில் 1/63 அளவுக்குப் பெருக்கி முப்பரிமாண அச்சில் ஒரு மூலம் எடுத்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு. ரிவெட்டையும் அதில் வைத்துவிடலாம். மெருகு பூசியதும் பாதி மூடிப் போய் அளவு சரியாகிவிடும். உடலைக் கூழ் ஊற்றி வெற்றிடமாக வார்க்கலாம், பெட்டி வடிவம் என்பதால் சிரமமில்லை. மூக்குக் கதவு இரண்டும் தனி வார்ப்பு. இறக்கைதான் சிக்கல். ஒன்றரை அடிக்கு மெல்லியதாக நீட்டினால் சூளைச் சூட்டில் வளைந்து தொங்கும், அடியில் அதே மண்ணில் செய்த முட்டுக் கொடுத்துச் சுட வேண்டும், இல்லையென்றால் இரண்டு பாதியாகச் சுட்டு எஞ்சின் இருக்கும் இடத்தில் இணைக்க வேண்டும். மடங்காத சக்கரக்கால் இந்த விமானத்தின் புண்ணியம். கனமாகவே செய்யலாம், யாரும் குறைசொல்ல முடியாது.

கொலுப் படியில் செட்டியாருக்குப் பக்கத்தில் இதை யார் வைப்பார்கள் என்று கேட்டால், கிரிக்கெட் டீம் வைக்கிறவர்கள் இதையும் வைப்பார்கள் என்பது என் பதில். நவராத்திரிக்கு நாலு மாதம் முன்னால் மூலம் தயாராக வேண்டும்.